புதிய வி7 பைக்கில் இருப்பது 1967-ஆம் ஆண்டு எஞ்சின் அல்ல

“இத்தாலியின் மோட்டோ குட்ஸி வி7, 1967-இல் வந்த அதே எஞ்சினுக்குப் புதுப் பெயின்ட் அடித்து விற்கப்படுகிறது, ஏபிஎஸ்கூடக் கிடையாது” என்ற செய்தி பலருக்கும் பகிரப்படுகிறது. (ஏபிஎஸ் என்பது பிரேக் பிடிக்கும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் காக்கும் அமைப்பு.) இது தவறு.

முதல் வி7-இன் எஞ்சினை வடிவமைத்தவர் பொறியாளர் கார்கானோ. அது சுமார் 700 சிசி. பெட்ரோலையும் காற்றையும் கலக்கும் கார்புரேட்டரும் டிரம் பிரேக்கும் கொண்ட வண்டி. இன்றைய வி7-இன் எஞ்சின் அந்த வம்சமே அல்ல. 1970-களில் பொறியாளர் லினோ டொண்டி உருவாக்கிய சிறிய எஞ்சின் வரிசையில் வந்தது அது. 2021 முதல் அதன் அளவு 853 சிசி. பெட்ரோல் செலுத்துவது மின்னணு இன்ஜெக்‌ஷன். ஏபிஎஸ், டிராக்‌ஷன் கன்ட்ரோல் (சக்கரம் வழுக்கிச் சுழலாமல் தடுப்பது) இரண்டும் உண்டு. நிறுவனத்தின் தொழில்நுட்ப விவரப் பக்கத்திலும் உரிமையாளர் கையேட்டிலும் இவற்றை யாரும் சரிபார்க்கலாம்.

பழமை தோற்றத்தில் இருக்கிறது, உண்மைதான். டேங்கின் இருபுறமும் துருத்தி நிற்கும் சிலிண்டர்கள், பின்சக்கரத்தைச் சுழற்றச் செயினுக்குப் பதில் ஷாஃப்ட் (சுழலும் தண்டு), வண்டி நிற்கும்போது ஆக்ஸிலரேட்டரை முறுக்கினால் அது ஒரு பக்கம் லேசாகச் சாய்வது: இந்த அழகுக்காகவே பலர் இதை விரும்புகிறார்கள். அதை ஏமாற்று வேலை என்பது நியாயமல்ல.

அந்தச் செய்தி உங்களுக்கு வந்திருந்தால், தயவுசெய்து மேலும் பகிராதீர்கள். அனுப்பியவருக்கும் இந்த விவரத்தைச் சொல்லுங்கள்.