ஆரஞ்சு மூடி சிரிஞ்சும் அமெரிக்கக் காணொளியும்

செவிலியர் கல்லூரியில் பாடம் நடத்துகிறேன். "பிறந்ததிலிருந்து செல்போனோடு வளர்ந்த பிள்ளைகளுக்கு நாம் என்ன டிஜிட்டல் அறிவைச் சொல்லித் தருவது?" என்று சக ஆசிரியர்கள் கேட்கும்போதெல்லாம், எங்கள் செய்முறை அறையில் நடந்த ஒன்று எனக்கு நினைவுக்கு வரும்.

பொம்மைக்கு 20 யூனிட் இன்சுலின் போடச் சொல்லியிருந்தேன். மூன்றாம் ஆண்டு மாணவி ஒருவர், முந்தைய இரவு யூடியூபில் பார்த்த அமெரிக்கக் காணொளியில் இருந்ததைப் போலவே ஆரஞ்சு மூடி சிரிஞ்சை எடுத்து, 20 என்ற கோடு வரை பிசகில்லாமல் மருந்தை ஏற்றினார். ஆனால் மேசையில் இருந்தது, நம் ஊரில் பரவலாகக் கிடைக்கும், ஒரு மில்லியில் 40 யூனிட் கொண்ட குப்பி. அதற்குரியது சிவப்பு மூடி சிரிஞ்ச். ஆரஞ்சு மூடி சிரிஞ்ச், மில்லிக்கு 100 யூனிட் உள்ள மருந்துக்கானது என்பதால், அவர் ஏற்றியது 0.2 மில்லி, அதாவது வெறும் 8 யூனிட். இதுவே தலைகீழாக, 100 யூனிட் மருந்தைச் சிவப்பு மூடி சிரிஞ்சில் 20 வரை எடுத்திருந்தால் நோயாளியின் உடலில் 50 யூனிட் இறங்கியிருக்கும். சர்க்கரை அபாயமாகச் சரிந்திருக்கும்.

அந்தக் காணொளியில் பிழை எதுவும் இல்லை. இது எந்த நாட்டு மருத்துவமனை, குப்பியின் செறிவு என்ன என்று கேட்கத்தான் அந்தப் பெண்ணுக்குத் தோன்றவில்லை. தோன்றும்படி நாங்களும் பழக்கவில்லை. இரத்தச் சர்க்கரையிலும் இதே குழப்பம் உண்டு: பிரிட்டன் இணையதளத்தில் 7 என்றிருக்கும் மில்லிமோல் அளவு, நம் ஆய்வகச் சீட்டில் 126 மில்லிகிராம் என்று வரும். இப்போது செயற்கை நுண்ணறிவுச் செயலிகளும் சேர்ந்துகொண்டன; அவை பல நேரம் எங்கிருந்து எடுத்தன என்பதைக்கூடக் காட்டாமல் சரளமாகப் பதில் சொல்லிவிடுகின்றன.

இந்திய செவிலியர் மன்றம் 2021-இல் கொண்டுவந்த திருத்திய பி.எஸ்சி. பாடத்திட்டத்தில், நோயாளித் தகவல்களைக் கணினியில் கையாளக் கற்றுத்தரும் சுகாதாரத் தகவலியலுக்கு முதலாண்டிலேயே தனிப்பாடம் ஒதுக்கியது நல்ல முடிவு. நான் பார்த்த அளவில், அது வேர்டு, எக்செல், ஒரு எழுத்துத் தேர்வு என்று முடிந்துவிடுகிறது. நாளை துணை சுகாதார நிலையத்துக்கு வேலைக்குப் போகும் ஒருவர், கர்ப்பிணியின் விவரங்களைத் தமிழக அரசின் கர்ப்பிணிப் பதிவுத் தளமான பிக்மியில் ஏற்றும்போது கடைசி மாதவிடாய்த் தேதியைத் தவறாகப் பதிந்தால், பிரசவத் தேதியும் பரிசோதனைக் காலங்களும் சேர்ந்து தவறும் என்பதை எக்செல் வகுப்பு சொல்லித் தராது. அதைக் கற்க வேண்டிய இடம் வார்டும் துணை சுகாதார நிலையமும்தான்.

அந்தரங்கம் பற்றியும் சொல்ல வேண்டும். சந்தேகம் கேட்கும் நல்லெண்ணத்தில்தான் மாணவர்கள் நோயாளியின் பெயர் தெரியும்படி கேஸ் ஷீட்டைப் படமெடுத்து வாட்ஸாப் குழுவில் போடுகிறார்கள். தனிப்பட்ட தரவுகளைக் காக்க 2023-இல் சட்டமே வந்துவிட்டது என்று அவர்களைக் கண்டிக்கிறோம். ஆனால் அந்தப் பழக்கத்தை அவர்கள் எங்களைப் பார்த்துத்தான் கற்றார்கள் என்பதை வசதியாக மறந்துவிடுகிறோம்.

இந்தப் பருவத்திலிருந்து அந்தக் காணொளியையே வகுப்பில் ஓட்டி, இரண்டு வகை சிரிஞ்சுகளையும் மேசையில் வைத்து, நம் வார்டுக்கு இதில் எது பொருந்தாது என்று கண்டுபிடிக்கச் சொல்கிறேன். சென்ற வாரம் ஒரு மாணவர், "வார்டில் இரண்டையும் ஒரே டிரேயில்தானே மேடம் வைத்திருக்கிறார்கள்?" என்று கேட்டார். என்னிடம் பதில் இல்லை. வார்டு பொறுப்பாளரிடம் கேட்டிருக்கிறேன்.