அது சூப்பி இல்லை

ஞாயிற்றுக்கிழமை சாமத்தியவீட்டில் நடந்ததைப் பற்றி ஒன்றும் எழுதுவதில்லை என்றுதான் இருந்தேன். அங்கே நின்றவர்களில் பாதிப்பேர் இங்கே என் நட்பில் இருக்கிறீர்கள். யார் என்ன சொன்னது என்று உங்களுக்கே தெரியும். ஆனால் நேற்று இரவு அண்ணை போன் எடுத்து, "தம்பி, நான் திரும்பவும் சிகரெட் தொடங்கிட்டன்" என்று சொன்ன பிறகு எழுதாமல் இருக்க முடியவில்லை.

28 வருசம் புகைத்த மனிதர். ஒரு நாளைக்கு ஒரு பெட்டி. 10 நாள் ஒரு சிகரெட்டும் தொடாமல் இருந்தார். பதினோராவது நாள் மண்டப வாசலில் நின்று, சிகரெட்டை விடுவதற்காக வாங்கிய வேப்பை, அதாவது மின்சிகரெட்டை, வாயில் வைத்தபோது, "என்ன அண்ணை, இந்த வயசில சூப்பி சூப்புறியளோ?" என்று, குழந்தைகளின் வாயில் வைக்கிற சூப்பியைச் சொல்லி ஒரு தம்பி கேட்டார். எல்லோரும் சிரித்தீர்கள். அண்ணையும் சிரித்தார். சிரித்துவிட்டு அதை ஜாக்கெட் பைக்குள் வைத்தார். பத்து நிமிடத்தில் கார் பார்க்கில் யாரிடமோ ஒரு சிகரெட் வாங்கிப் பற்ற வைத்தார். லைட்டர் கொடுத்தவரும் அந்தச் சிரிப்பில் இருந்தவர்தான்.

அதே வாசலில் ஐந்தாறு பேர் சிகரெட்டோடு நின்றார்கள். அவர்களை ஒருவரும் ஒன்றும் கேட்கவில்லை. அண்ணை 28 வருசம் புகைத்தபோதும் யாரும் கேட்கவில்லை. விடுவதற்கு முயற்சி செய்த அன்றைக்குத்தான் கேட்டீர்கள்.

நானும் பக்கத்தில்தான் நின்றேன். வாய் திறக்கவில்லை. அதுதான் நான்கு நாளாக என்னைத் தின்கிறது.

ஆனால் கேலியை மட்டும் குற்றம் சொன்னால் அது முழு உண்மை ஆகாது. நேற்று போனில் அண்ணையிடம் கேட்டேன், என்ன மெசின் வாங்கினீர்கள், லிக்விட்டில் நிக்கோட்டின் எத்தனை மில்லிகிராம் என்று. கடைக்காரர் கொடுத்ததை வாங்கினாராம். உள்ளங்கையை நிறைக்கும் பெரிய மெசின், ஸ்ட்ரோபெரி லிக்விட், மில்லிலீட்டருக்கு 3 மில்லிகிராம். அந்த நிமிடமே விளங்கிவிட்டது. மனிதர் 10 நாளும் நிக்கோட்டின் போதாமல் பட்டினி கிடந்திருக்கிறார். அந்த ஒரு சொல் அவரைத் தள்ளி விழுத்தவில்லை, ஏற்கெனவே விளிம்பில்தான் நின்றிருக்கிறார்.

இதைத்தான் நான் திரும்பத் திரும்பச் சொல்கிறேன், இன்றைக்கும் சொல்கிறேன். முதல் வேப் சரிவராவிட்டால் சிகரெட்டுக்குத்தான் திரும்புவீர்கள். முதல் வேப் சரிவராமல் போவதற்குப் பெரும்பாலும் ஒரே காரணம், நிக்கோட்டின் போதாதது.

"நிக்கோட்டின்தானே நஞ்சு, அதைக் குறைவாக எடுப்பது நல்லதுதானே" என்று நினைக்கிறீர்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன். நிக்கோட்டின் அடிமையாக்கும், அதில் சந்தேகமே இல்லை. ஆனால் நுரையீரலைக் கருக்குவதும் புற்றுநோயைக் கொண்டுவருவதும் எரிகிற புகையிலையிலிருந்து வரும் தாரும் மற்ற நச்சுகளும். சிகரெட்டை உறிஞ்சும்போது அதன் நுனி 900 பாகை செல்சியசுக்கு மேல் எரிகிறது. காபன் மொனொக்சைட்டு அந்த எரிவிலிருந்துதான் வருகிறது. வேப்பில் எதுவும் எரிவதில்லை, லிக்விட் சூடாகி ஆவியாகிறது, அவ்வளவுதான். மைக்கல் ரசல் என்ற மருத்துவர் இதே லண்டனில் 1976இலேயே எழுதிவிட்டார், மனிதர்கள் புகைப்பது நிக்கோட்டினுக்காக, சாவது தாரினால் என்று. 50 வருசம் ஆகிவிட்டது. எங்கள் மண்டப வாசலுக்கு இன்னும் வந்து சேரவில்லை.

என் கதையைச் சொல்கிறேன். 2006இல் இங்கே வந்து பெற்றோல் ஷெட்டில் இரவு வேலைக்கு நின்றவன் நான். ஊரில் எப்போதாவது ஒன்று பற்றியவன், அந்த இரவுகளில் ஒரு நாளைக்கு 20 என்று ஆனேன். முதல் தடவை விட நினைத்தபோது சிகரெட் மாதிரியே தோற்றமுள்ள, நுனியில் சிவப்பு லைட் எரியும் ஒன்றை வாங்கினேன். இரண்டு நாள். அடுத்த முறை ஒரு கடையில் அண்ணைக்குக் கொடுத்தது போலவே பெரிய மெசினும் 3 மில்லிகிராமும் தந்தார்கள். "இதுதான் அண்ணா எல்லாரும் எடுக்கினம், நல்லாப் புகை வரும்" என்றார்கள். புகை வந்தது. அறை முழுக்க வந்தது. எனக்கு வேண்டியது வரவில்லை. ஒன்பதாவது நாள், இரவு மூன்று மணிக்கு, ஷெட்டுக்குப் பின்னால் நின்று சிகரெட் பற்றிக்கொண்டு அழுதேன். எனக்கு மனவுறுதி இல்லை, நான் ஒன்றுக்கும் உதவாதவன் என்று நினைத்து அழுதேன்.

மூன்றாவது தடவை, 2017இல், கவுன்சில் நடத்தும் புகைத்தல் நிறுத்தும் சேவைக்குப் போனேன். அங்கே இருந்த பெண் முதலில் கேட்டது எத்தனை சிகரெட் என்று இல்லை. "காலையில் எழும்பி எத்தனை நிமிடத்தில் முதல் சிகரெட்?" என்று கேட்டார். ஐந்து நிமிடத்துக்குள் என்றேன். அப்படியென்றால் உங்கள் உடம்பு நிக்கோட்டினில் ஆழமாக ஊறியிருக்கிறது, குறைந்த அளவு சரிவராது என்றார். பேனா அளவில் ஒரு சின்ன வேப், 18 மில்லிகிராம் புகையிலைச் சுவை லிக்விட். மூன்றாம் நாளே எனக்குத் தெரிந்துவிட்டது. என் மனவுறுதி கூடவில்லை. அதே நான்தான். கருவிதான் மாறியது.

இனி அண்ணைக்கு நேற்று சொன்னதை இங்கேயும் சொல்கிறேன். சிகரெட் பழகியவர்கள் புகையை முதலில் வாய்க்குள் இழுத்து, பிறகுதான் நெஞ்சுக்குள் எடுப்பார்கள். அந்தப் பெரிய மெசின்கள் நேரே நெஞ்சுக்குள் இழுப்பவர்களுக்கானவை. அவர்களுக்கு 3 போதும், ஏனென்றால் ஒரே இழுப்பில் அவ்வளவு ஆவி உள்ளே போகிறது. புதிதாக வருகிறவர் அப்படி இழுத்தால் இருமுவார், இருமினால் பயந்து மெதுவாக இழுப்பார், மெதுவாக இழுத்தால் ஒன்றும் கிடைக்காது. ஆகவே முதல் வேப் சின்னதாக இருக்கட்டும். பொட் கிட் என்று கேளுங்கள், லிக்விட் நிற்கிற சின்னக் கூடு, அதுதான் பொட், அதைச் செருகிப் பாவிக்கிற சின்ன வேப். இழுக்கும்போது சிகரெட் மாதிரி இறுக்கமாக இருக்க வேண்டும். லிக்விட்டைச் சூடாக்கும் கம்பிச்சுருள், அதாவது கொயில், 1 ஓம் அல்லது அதற்குச் சற்றுக் கீழே மேலே. பட்டன், திரை, வாட் கூட்டிக் குறைக்கும் வித்தை எதுவும் முதல் மாதத்தில் வேண்டாம். லிக்விட் நீங்களே நிரப்பக்கூடியதாகப் பாருங்கள், செலவும் குறையும், அளவை இறக்குவதும் சுலபம்.

ஒரு நாளைக்கு ஒரு பெட்டி பற்றுகிறவர் 20 மில்லிகிராமில் தொடங்குங்கள். இந்த நாட்டில் சட்டப்படி அதுதான் உச்சம். நிக் சோல்ட், அதாவது நிக்கோட்டின் உப்பு, என்று போட்டிருப்பதை எடுங்கள், அந்த அளவிலும் தொண்டை அவ்வளவாக எரியாது. ஒரு நாளைக்கு ஐந்தாறு பற்றுகிறவருக்கு 10 போதும். ஆனால் அந்த 20ஐப் பெரிய மெசினில் ஊற்றிவிடாதீர்கள், தலை சுற்றி வாந்தி வரும்.

புது பொட்டில் லிக்விட் ஊற்றினால் பத்து நிமிடம் விடுங்கள், உள்ளே பஞ்சு ஊற வேண்டும். ஊறாமல் இழுத்தால் கருகின மணம் வரும், "இது சரிவராது" என்று தூக்கி எறிவீர்கள். அப்படி எறிந்த மூன்று பேரை எனக்குத் தெரியும். இழுப்பும் சிகரெட் மாதிரி வேகமாக வேண்டாம், மெதுவாக, மூன்று நான்கு செக்கன். முதல் இரண்டு கிழமை இருமல் வரலாம். சிகரெட் எரிந்து முடியும், இது முடியாது, அதனால் முதலில் அடிக்கடி கை போகும். அதற்காக வெட்கப்படாதீர்கள். பசிக்கிறவன் சாப்பிடுகிறான்.

வாங்கும்போது வேப்பில் லிக்விட் நிற்கிற டாங்க் 2 மில்லிலீட்டர், போத்தல் 10 மில்லிலீட்டர், நிக்கோட்டின் எச்சரிக்கை, இவை இருக்கின்றனவா என்று பாருங்கள். ஒருமுறை பாவித்து எறிகிற வேப்புகளை 2025 ஜூன் 1 முதல் இங்கே விற்கவே கூடாது. மேசைக்குக் கீழே ஒளித்து வைத்து எடுத்துத் தருகிற எந்தக் கடையிலும் வாங்காதீர்கள், எங்கள் ஆட்களின் கடையாக இருந்தாலும் சரி. இதைச் சொன்னதற்கு யாராவது கோபித்தால் கோபிக்கட்டும்.

இப்போது வரப்போகிற பதில்கள் எனக்குத் தெரியும்.

"அதுவும் நஞ்சுதானே." நஞ்சில்லை என்று நான் எங்கே சொன்னேன்? புகைக்காதவர் இதைத் தொடவே கூடாது. ஆனால் புகைக்கிறவருக்கு? லண்டன் கிங்ஸ் கொலிஜ் ஆய்வாளர்கள் 2022இல் அரசாங்கத்துக்குக் கொடுத்த அறிக்கையில், குறுகிய, நடுத்தரக் காலத்தில் வேப்பின் ஆபத்து சிகரெட்டின் ஆபத்தில் ஒரு சிறு பங்குதான் என்று எழுதினார்கள். ஆபத்தே இல்லை என்று அவர்களும் சொல்லவில்லை. அமெரிக்காவில் 2019இல் ஆட்கள் செத்தார்களே என்பீர்கள். செத்தார்கள். பெரும்பாலும் கஞ்சாச் சத்து ஊற்றிய கள்ளச் சந்தை வேப்பில் கலந்திருந்த விற்றமின் ஈ அசிற்றேற்றினால். அதனால்தான் கீழ் மேசைச் சாமானை வாங்காதீர்கள் என்றேன்.

"மனவுறுதி இருந்தால் சும்மா விடலாம், நான் விட்டேன்." நல்லது. உண்மையாகவே சந்தோசம். ஆனால் எந்த உதவியும் இல்லாமல் விட முயல்கிறவர்களில் ஒரு வருடம் தாக்குப்பிடிப்பவர்கள் நூற்றுக்கு மூன்று முதல் ஐந்து பேர். நீங்கள் அந்த ஐவரில் ஒருவர். மிச்சம் 95 பேரையும் உறுதி இல்லாதவர்கள் என்று சொல்ல உங்களுக்கு மனம் வருகிறதா? 2019இல் இங்கே 886 பேரை வைத்து ஆய்வு செய்தார்கள். தோலில் ஒட்டுகிற நிக்கோட்டின் பட்ச், நிக்கோட்டின் சூயிங்கம் போன்றவை எடுத்தவர்களில் ஒரு வருடத்துக்குப் பிறகு 9.9 வீதம் சிகரெட்டை விட்டிருந்தார்கள். வேப் எடுத்தவர்களில் 18 வீதம். அந்த ஆய்வில் கொடுத்ததும் நிரப்பக்கூடிய சாதாரண வேப்தான், 18 மில்லிகிராம் லிக்விட்தான். மூன்று இல்லை. பதினெட்டு.

"ஒரு அடிமைத்தனத்தை விட்டு இன்னொன்று." இதற்கு என்னிடம் முழுப் பதில் இல்லை. அதே ஆய்வில் வேப்பால் விட்டவர்களில் 80 வீதம் பேர் ஒரு வருடத்துக்குப் பிறகும் வேப் எடுத்துக்கொண்டுதான் இருந்தார்கள். நானும் எடுக்கிறேன். 18இலிருந்து 12, பிறகு 6, அங்கேயே நிற்கிறேன். அதையும் விட வேண்டும் என்று ஆசை இருக்கிறது. ஆனால் படி ஏறினால் மூச்சு வாங்குவதில்லை. மகள் கட்டிப்பிடிக்கும்போது முகத்தைத் திருப்புவதில்லை. இதை அடிமைத்தனம் என்று சொல்லுங்கள், பரவாயில்லை.

"இரண்டையும் கலந்து எடுக்கிறேன், ஒரு நாளைக்கு ஒரு சிகரெட்தானே." இல்லை. ஒரு சிகரெட்டே போதும், இருதய நோய்க்கு 20 சிகரெட் கூட்டுகிற ஆபத்தில் கிட்டத்தட்டப் பாதியை அது கொண்டுவந்துவிடும். முழுதாக மாறுங்கள்.

"கொம்பனிகள் காசு பார்க்கின்றன." பார்க்கின்றன. சிகரெட்டிலும் பார்க்கின்றன. அடுத்தது.

பிள்ளைகள் விசயத்தில் மட்டும் உங்களோடு நிற்கிறேன். என் மகளுக்கு 14 வயது. அவள் வகுப்புப் பிள்ளைகள் சிலரின் பையில் வேப் இருக்கிறது என்று அவளே சொன்னாள். 18க்குக் கீழ் ஒரு பிள்ளைக்கு விற்கிறவரின் கடையை மூடினாலும் எனக்குச் சம்மதம். ஆனால் 50 வயது மனிதர் வாயில் இருப்பதைப் பறித்தால் என் மகள் பாதுகாப்பாகிவிடுவாள் என்று எனக்குக் கணக்குக் காட்டாதீர்கள்.

ஊருக்குப் போகிற வழியில் இந்தியாவிலோ சிங்கப்பூரிலோ இறங்குகிறவர்கள் கவனம். இந்தியாவில் 2019 முதல் விற்பனையும் இறக்குமதியும் தடை. சிங்கப்பூரில் வைத்திருப்பதே குற்றம். நான் சொல்வதெல்லாம் இங்கே, பிரித்தானியாவில் இருக்கிற புகைப்பவர்களுக்கு.

எங்கள் ஊர் புகையிலையால் வாழ்ந்த ஊர். அப்பாவின் தோட்டத்துப் புகையிலை விற்ற காசில்தான் நான் படித்தேன். அப்பா வாயில் சுருட்டு இல்லாமல் ஒரு படம்கூட என்னிடம் இல்லை. கடைசி இரண்டு வருசம் கட்டிலில் இருந்தபடியேதான் நித்திரை கொண்டார், படுத்தால் மூச்சு வராது. அவர் செத்தபோது நான் இங்கே ஷெட்டில், விசா இல்லாமல், போனில் அம்மா அழுவதைக் கேட்டுக்கொண்டு நின்றேன். கையில் சிகரெட் இருந்தது. அவருக்கு அந்தக் காலத்தில் ஒரு சின்னப் பேனாவைக் கொடுத்து, அப்பா, சுருட்டை வைத்துவிட்டு இதை இழுங்கோ என்று சொல்ல ஒருவரும் இருக்கவில்லை. இருந்திருந்தால் கேட்டிருப்பாரோ தெரியாது. ஊரும் சிரித்திருக்கும்.

அண்ணைக்கும் மூச்சு வாங்கத் தொடங்கிவிட்டது. மண்டபப் படியில் இரண்டு தரம் நின்று ஏறினார். கவனித்தீர்களா?

சனிக்கிழமை காலை பத்து மணிக்கு நான் அவரோடு கடைக்குப் போகிறேன். சின்ன பொட் கிட், 20 மில்லிகிராம், புகையிலைச் சுவை ஒன்று, புதினா ஒன்று. அந்தப் பெரிய மெசினை நான் வாங்கி வைத்துக்கொள்கிறேன். சூப்பி என்று கேட்ட தம்பி இதை வாசிப்பார் என்று தெரியும். தம்பி, எனக்குப் பதில் எழுத வேண்டாம். அண்ணைக்கு ஒரு போன் எடுங்கோ.