ஆர்லோஃப்ஸ்கியைப் பெண் பாடுவது புதுமை அல்ல

“வியன்னா ஸ்டேட் ஓபராவில் ‘டி ஃப்ளெடர்மாவுஸ்’ என்ற நகைச்சுவை இசைநாடகத்தின் இளவரசன் ஆர்லோஃப்ஸ்கி வேடத்தைப் பெண்ணுக்குக் கொடுத்து மரபைக் கெடுத்துவிட்டார்கள்” என்று ஒரு ஃபார்வர்ட் சுற்றுகிறது. தவறு.

அதன் இசையமைப்பாளர் யோஹான் ஸ்ட்ராவுஸ் ஆர்லோஃப்ஸ்கியை எழுதியதே மெஸ்ஸோ-சொப்ரானோ என்ற நடுத்தரப் பெண்குரலுக்குத்தான். 1874 ஏப்ரல் 5 அன்று வியன்னாவின் தியேட்டர் ஆன் டேர் வீன் அரங்கில் நடந்த முதல் அரங்கேற்றத்திலும் அந்த வேடத்தில் பெண்தான் பாடினார். பின்னாளில் சில இடங்களில் ஆண்களுக்குக் கொடுத்ததுதான் மாற்றம். டெனர் (உயர்ந்த ஆண்குரல்) பாடினால் குரல் ஒரு ஸ்தாயி கீழே இறங்கும். இரண்டாம் அங்கக் கூட்டுப்பாடலில் பெண்குரல்களின் நடுவே இருக்க வேண்டிய இழை அடியில் போய்விடும்.

மூன்றாம் அங்கத்துச் சிறைக்காவலர் ஃப்ரோஷ் பாடாமல் உள்ளூர் அரசியலைக் கிண்டலடிப்பதும் மரபு மீறல் அல்ல. அது வசன வேடம். நகைச்சுவை நடிகருக்கே உரியது.

சந்தேகமிருந்தால் ஐஎம்எஸ்எல்பி (IMSLP) என்ற இணைய இசை நூலகத்தில் இலவசமாகக் கிடைக்கும் ஸ்கோரில் (இசைக்குறிப்பு நூலில்) பாத்திரப் பட்டியலைப் பாருங்கள். அந்தச் செய்தியை இனி யாருக்கும் அனுப்பாதீர்கள்.