வள்ளிக்கிழங்கு தின்றால் போர் என்னவென்று புரியுமா?

பிப்ரவரி நடுவில் சிங்கப்பூர்த் தொடக்கப்பள்ளிகளில் ஒரு கிழங்குத் திருவிழா நடக்கும். கிண்டலாகச் சொல்கிறேன் என்று கோபப்பட வேண்டாம். முழுமைத் தற்காப்பு தினத்தைத்தான் சொல்கிறேன். 1942 பிப்ரவரி 15, புக்கிட் தீமா ஃபோர்டு தொழிற்சாலையில் பிரிட்டிஷ் தளபதி பெர்சிவல் ஜப்பானியத் தளபதி யாமாஷிட்டாவிடம் சரணடைந்த நாள். அன்று சீனப் புத்தாண்டு வேறு. இதை நினைவூட்டப் பல பள்ளிகளில் பிள்ளைகளை வரிசையில் நிற்கவைத்து, கையில் கூப்பன் கொடுத்து, சர்க்கரைவள்ளியோ மரவள்ளியோ ஒரு துண்டு தருவார்கள். மின்விசிறியை அணைத்துவிட்டுப் பாடம் நடத்துவதும் உண்டு.

நோக்கம் நல்லதுதான். ஆனால் வள்ளிக்கிழங்கு ருசியாக இருக்கிறதே! என் மகள் வீட்டுக்கு வந்து, "அம்மா, நாளைக்கும் இதே செஞ்சு குடுங்க" என்றாள். அடுத்த இடைவேளையில் கேன்டீனில் மீ கோரெங் கிடைக்கும் என்று தெரிந்த பிள்ளைக்கு, ஜப்பானிய ஆட்சியின் மூன்றரை வருஷப் பசியை ஒரு துண்டுக் கிழங்கில் எப்படிக் காட்டுவது? பசியை நடிக்கவைத்தால் அது விளையாட்டாகத்தான் முடியும். பிள்ளைகள் மேல் தப்பில்லை.

கையால் செய்து கற்பதே வீண் என்று சொல்லவில்லை. நடிப்பதை விட்டுவிட்டு, வகுப்புக்குள் நிஜமாகவே நடக்கக்கூடிய எதையாவது செய்யுங்கள் என்கிறேன். ஜப்பான்காரர்கள் அச்சடித்த வாழைமர நோட்டை எடுத்துக்கொள்ளுங்கள். பத்து டாலர் தாளில் வாழைமரப் படம் இருந்ததால் வந்த பெயர். போகப் போக அந்தத் தாள்களில் வரிசை எண்கூட இல்லாமல் அடித்துத் தள்ளினார்கள். வகுப்பில் ஒரு சந்தை வையுங்கள். ஆளுக்குப் பத்து காகித நோட்டு. முதல் சுற்றில் ஒரு பென்சில் ஒரு நோட்டு. ஆசிரியர் ஒவ்வொரு சுற்றிலும் இன்னும் ஒரு கட்டு நோட்டை அச்சடித்து உள்ளே விடட்டும். பென்சில் மட்டும் அதே நான்குதான் இருக்கும். விலை எங்கே போகிறது என்று பார்க்கலாம். கடைசியில், "பிரிட்டிஷ்காரன் திரும்பி வந்துவிட்டான், இந்த நோட்டு இனி செல்லாது" என்று ஒரு வரி சொல்லுங்கள். 1945 செப்டம்பரில் அப்படித்தான் ஆனது. சேர்த்து வைத்திருந்த பிள்ளையின் முகத்தைப் பாருங்கள். இங்கே யாரும் நடிக்கவில்லை, உண்மையாகவே ஏமாந்திருக்கிறார்கள்.

இன்னொன்று, காசே ஆகாது. வகுப்புக் கடிகாரத்தை ஒன்றரை மணி நேரம் முன்னே திருப்பி வையுங்கள். ஜப்பானியர் வந்ததும் தோக்கியோ நேரத்துக்கு இந்த ஊரை மாற்றினார்கள். இடைவேளை எப்போது, பள்ளி எப்போது விடும் என்று ஒரு நாள் முழுக்கக் குழம்பட்டும்.

அப்புறம் அந்த டிஷ்யூ ரோல் நினைவுச்சின்னம். ஜப்பானியர் காலத்தில் இறந்த பொதுமக்களுக்காக பீச் ரோட்டில் நிற்கும் நான்கு வெள்ளைத் தூண்களைப் பிள்ளைகள் டிஷ்யூ ரோல் அட்டையில் அழகாகச் செய்து கொண்டுவருகிறார்கள். நான்கு தூண் நான்கு இனம், ஒற்றுமை. சரி. அந்தத் தூண்களுக்கு அடியில் 606 தாழிகளில் மனித எலும்புகள் இருக்கின்றன என்று எத்தனை பேரிடம் சொல்கிறோம்? 1962இல் சிக்லாப்பில் தோண்டியபோது எலும்புகள் கிடைத்தன, அதன் பிறகுதான் 1967இல் அந்தச் சின்னமே எழும்பியது. சின்னப் பிள்ளைகளிடம் இதெல்லாம் எதற்கு என்பார்கள். நம் வீடுகளில் தாத்தாவுக்குத் திவசம் கொடுக்கும்போது காக்காவுக்குச் சோறு வைக்க யாரை அனுப்புகிறோம்? ஒன்பது வயதுக்குச் செத்தவர்களைப் பற்றிப் பேசலாம். எப்படிக் கொன்றார்கள் என்ற விவரம்தான் வேண்டாம்.

தமிழ் வகுப்புகள் மேல் எனக்குத் தனியாக ஒரு வருத்தம் உண்டு. போரின்போது கைதிகளையும் கூலிகளையும் வைத்து ஜப்பானியர் போட்ட சயாம் மரண ரயில் பாதை, 415 கிலோமீட்டர். அதில் பன்னிரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட நேசநாட்டுப் போர்க்கைதிகள் இறந்தார்கள். தாய்லாந்தின் காஞ்சனபுரியில் அவர்களில் ஏழாயிரம் பேருக்கு வரிசை வரிசையாகக் கல்லறைகள் உண்டு. மலாயாத் தோட்டங்களிலிருந்து கொண்டுபோன தமிழர்கள் எத்தனை பேர் செத்தார்கள் என்பதற்குச் சரியான கணக்கே கிடையாது, பல்லாயிரம் என்று மட்டும் சொல்கிறார்கள். இங்கே கிராஞ்சி போர் நினைவிடத்தில், கல்லறை இல்லாத 24,000 பேரின் பெயர்களாவது சுவரில் இருக்கின்றன. பிள்ளைகளை அங்கே கூட்டிப்போய் இந்தியப் பெயர்களைத் தேடிப் படிக்கச் சொல்லலாம். திரும்பி வந்ததும் தோட்டத்துத் தொழிலாளர்களுக்காக ஒரு தாளை எடுத்துக் கொடுத்து, இதில் என்ன எழுதுவது என்று கேட்கலாம்.

"பாட்டியிடம் கேட்டு எழுதி வா" என்ற வீட்டுப்பாடம் நல்லதுதான், ஆனால் எங்களைப் போல் பிறகு வந்து குடியேறிய குடும்பங்களுக்கு அது பொருந்தாது. என் மாமியார் தஞ்சாவூரில் இருக்கிறார், ஜப்பான்காரனைப் பற்றி அவருக்கு என்ன தெரியும்? அதற்குப் பதில் அதே அடுக்குமாடி புளோக்கில் இருக்கும் வயதானவர்களிடம் கேட்கச் சொல்லலாம். சீனத்தி ஆயாவாக இருந்தாலும் பரவாயில்லை. அந்தக் காலத்தைப் பார்த்தவர்கள் இன்னும் கொஞ்சம் பேர் இருக்கிறார்கள்.

ஒரு கேள்வி மட்டும் கட்டாயம் வரும், தயாராக இருங்கள். 1942 பிப்ரவரி 17இல் ஃபேரர் பார்க்கில் பிரிட்டிஷார் தங்கள் இந்தியச் சிப்பாய்களை ஜப்பானியரிடம் ஒப்படைத்தார்கள். அவர்களில் நிறையப் பேர் பிறகு, ஜப்பானியரோடு சேர்ந்து பிரிட்டிஷாரை எதிர்த்த இந்திய தேசிய ராணுவத்தில் சேர்ந்தார்கள். தோட்டத்துத் தமிழ்ப் பெண்கள்கூட அதன் பெண்கள் பிரிவான ஜான்சி ராணிப் படையில் துப்பாக்கி பிடித்தார்கள். "அப்போ நம்ம ஆளுங்க யார் பக்கம்மா?" என்று என் மகள் கேட்டாள். இரண்டு பக்கமும் இருந்தார்கள், ரயில் போடப் போனவர்கள் எந்தப் பக்கமும் இல்லை என்றேன். அவளுக்கு அந்தப் பதில் போதவில்லை.

தமிழாசிரியர்கள் யாராவது இதைத் தொடக்கநிலை மூன்று, நான்கில் பேசியிருந்தால் எதுவரை சொன்னீர்கள், பிள்ளைகள் என்ன கேட்டார்கள் என்று கீழே எழுதுங்கள். கிழங்கு ரெசிப்பி வேண்டாம், எங்கள் வீட்டில் ஏற்கெனவே வாரம் இரண்டு முறை வேகிறது.