சிரிக்கிற சிப்பாய்க்கு ஓவியரின் முகம்

சீனாவில் பிறந்த ஓவியர் குவோ ஜியானின் ஓவியங்களை முதலில் பார்த்தபோது எனக்குப் பிடிக்கவில்லை. கண்ணைக் குத்தும் ரோஸ் நிறம், மிட்டாய்த் தாள் மாதிரி பச்சை. ஈறு தெரியச் சிரிக்கும் சீனச் சிப்பாய்கள், நடுவில் உதட்டுச் சாயத்தோடு ஒரு பெண். ஒன்றிரண்டு படங்களை நண்பர் ஒருவருக்கு அனுப்பினேன். "ஆபாசம். நாட்டுக்காக உயிரைக் கொடுக்கிறவனை இப்படியா வரைவான்?" என்று பதில் வந்தது. அவருக்கு எழுத உட்கார்ந்தது நீண்டுகொண்டே போனதால் இங்கேயே போடுகிறேன்.

நண்பரே, அந்தச் சிப்பாய்களின் முகத்தை இன்னொரு தரம் பாருங்கள். பல படங்களில் அது ஓவியருடைய முகமேதான். பெண்ணைப் பார்த்துப் பல்லிளிப்பவன், துப்பாக்கியைத் தூக்கிக்கொண்டு கூத்தாடுபவன், எல்லாவற்றிலும் தன்னையே வைத்திருக்கிறார். சிப்பாயை இழிவுபடுத்த நினைக்கிறவர் அந்த வரிசையில் தானும் போய் நிற்பாரா?

1962இல் தென்மேற்குச் சீனாவின் குய்சோ மாகாணத்தில், தூயுன் என்ற ஊரில் பிறந்தவர். புயி என்ற சிறுபான்மை இனம். 1979இல் 17 வயதில் மக்கள் விடுதலைப் படையில், அதாவது சீன ராணுவத்தில், சேர்ந்தார். அந்த வருஷம் பிப்ரவரி 17ஆம் தேதிதான் சீனப் படை வியட்நாமுக்குள் நுழைந்தது. ஒரு மாதத்தில் திரும்பி வந்துவிட்டாலும் எல்லைச் சண்டை அடுத்த பத்து வருஷம் ஓயவில்லை. போஸ்டர்களிலும் மேடைகளிலும் வீரத்தைப் பார்த்து வளர்ந்த தலைமுறையின் பையன் அவர். படம் வரையத் தெரிந்தவன் என்பதால் ராணுவத்தில் பிரச்சாரப் படம் போடும் வேலையும் கொடுத்தார்கள்.

பிரச்சாரப் படம் என்றால் என்னவென்று கொஞ்சம் சொல்ல வேண்டும். மாவோ நடத்திய கலாச்சாரப் புரட்சிக் காலத்தில் (1966–76) சீன ஓவியர்களுக்கு ஒரே சூத்திரம்தான்: சிவப்பாக இருக்க வேண்டும், வெளிச்சமாக இருக்க வேண்டும், பளபளக்க வேண்டும். 1974இல் ஷென் ஜியாவெய் என்ற இளைஞர், வடகிழக்கில் ராணுவப் பண்ணையில் வேலை பார்த்தவர், சோவியத் எல்லையில் உசூரி ஆற்றங்கரைக் காவல் கோபுரத்தில் நிற்கும் வீரர்களை வரைந்தார். படம் பெய்ஜிங் தேசியக் கண்காட்சிக்குப் போனது. மாவோவின் மனைவி ஜியாங் சிங்கே பாராட்டினார். ஆனால் ஷென் நேரில் போய்ப் பார்த்தபோது, சட்டத்துக்குள் இருந்த முகங்கள் அவர் வரைந்த முகங்களாக இல்லை. அதிகாரிகள் வேறு ஓவியர்களை வைத்து மாற்றியிருந்தார்கள். கன்னம் உப்பி, நிறம் இன்னும் சிவந்து, பார்வை இன்னும் முறைத்து. பனியில் காவல் காத்து ஒட்டிப்போன கன்னங்கள் அரசுக்குப் பிடிக்கவில்லை.

இதைப் படித்த பிறகுதான் குவோ ஜியானின் ரோஸ் நிறம் எனக்குப் புரிந்தது. உப்பிய அதே கன்னத்தை எடுத்துக்கொண்டு இன்னும் ஒரு படி உப்ப வைக்கிறார், அவ்வளவுதான். அரசு கேட்ட சிவப்பு, அரசு கேட்ட சிரிப்பு, எதையும் குறைக்கவில்லை. நம் தமிழில் இதற்கு வஞ்சப் புகழ்ச்சி என்று பெயர். தொண்டைமானின் படைக்கலங்கள் மயிற்பீலி சூடி நெய் பூசி மினுக்குகின்றன என்று ஔவை புகழ்ந்தாளே, அந்த வகை. சூத்திரத்தைக் கையால் பழகியவருக்குத்தான் அதை எங்கே அழுத்தினால் பிதுங்கும் என்று தெரியும்.

அடுத்தது நண்பர் முகம் சுளித்த அந்தப் பெண்கள். ஓவியர் கற்பனையில் வந்தவர்கள் இல்லை அவர்கள். சீன ராணுவத்தில் பாட்டு, நடனக் குழுக்கள் உண்டு. களத்துக்குப் போகும் பையன்கள் முன்னால் அழகான பெண்கள் சீருடையில் ஆடிப் பாடுவார்கள். 1964இல் அரங்கேறிய 'செம்மகளிர் படை' பாலே, ஹைனான் தீவுப் பெண் போராளிகளின் கதை, கலாச்சாரப் புரட்சியில் அனுமதிக்கப்பட்ட எட்டு மாதிரிப் படைப்புகளில் ஒன்று. அரைக்கால் சட்டை, கையில் துப்பாக்கி, கால் நுனியில் நடனம். காதல் பாட்டுக்குக்கூட இடமில்லாத ஒரு நாட்டில் வளரும் பையன் பெண்ணின் காலை மேடையில் பார்த்தது அங்கேதான். ஆசையையும் தியாகத்தையும் ஒரே மேடையில் சேர்த்துக் கட்டியது அரசு. குவோ ஜியான் அந்தக் கட்டை அவிழ்த்துக் காட்டுகிறார். ஆபாசம் என்று சொல்வதானால் 17 வயசுப் பையனைச் சாக அனுப்புவதற்கு முன்னால் நடக்கும் அந்தக் கச்சேரியைச் சொல்லுங்கள்.

இது பழங்கதையும் இல்லை. இன்றைய அதிபர் ஷி ஜின்பிங்கின் மனைவி பெங் லியுவான் ராணுவப் பாடகி. வியட்நாம் எல்லையில் வீரர்களுக்குப் பாடியவர். 1989இல் பெய்ஜிங்கில் ராணுவச் சட்டத்தை அமல்படுத்த வந்த படையினர் முன்னால் அவர் பச்சைச் சீருடையில் பாடும் புகைப்படம் ஒன்று 2013இல் இணையத்தில் சுற்றியது. சீனாவில் அதை உடனே நீக்கினார்கள். குவோ ஜியான் இந்த ஓவியங்களைத் தொடங்கியது அதற்குப் பல வருஷம் முன்னால். அந்தப் புகைப்படத்தைப் பார்த்தபோது அவர் படத்திலிருந்து எடுத்தது போல இருந்தது எனக்கு. கொஞ்ச நேரம் வேறு எதுவும் செய்ய முடியவில்லை.

1989 அவர் வாழ்க்கையையும் இரண்டாக வெட்டியது. ராணுவத்திலிருந்து வந்து பெய்ஜிங்கில் ஓவியம் படித்துக்கொண்டிருந்தார். தியானன்மென் சதுக்கத்தில் ஜனநாயகம் கேட்டுப் போராடிய மாணவர்களோடு உண்ணாவிரதம் இருந்தார். ஜூன் 3 இரவு படை நகருக்குள் வந்து சுட்டபோது அவரும் அங்கே இருந்தார். தான் போட்டிருந்த அதே சீருடை. துப்பாக்கி பிடிக்க அவருக்குச் சொல்லிக் கொடுத்த அதே படை. அந்த இரவுக்குப் பிறகு ஒருவர் தன் முகத்தைச் சிப்பாய்க்குக் கொடுத்து வரைகிறார் என்றால், அந்த வரிசையில் நானும் நின்றிருக்கக்கூடும் என்று அவர் சொல்வதாகவே நான் எடுத்துக்கொள்கிறேன்.

1992இல் ஆஸ்திரேலியா போனார், குடியுரிமையும் பெற்றார். 2005இல் சீனாவுக்குத் திரும்பி, பெய்ஜிங் ஓரத்தில் ஓவியர்கள் கூடி வாழும் சோங்சுவாங்கில் பட்டறை வைத்தார். 2014, அந்தத் துப்பாக்கிச் சூட்டின் இருபத்தைந்தாவது ஆண்டு. தியானன்மென் சதுக்கத்தின் மாதிரி ஒன்றைச் செய்து, அதன்மேல் 160 கிலோ கொத்திய பன்றி இறைச்சியைப் பரப்பினார். ரோஸ் நிறம் இல்லை, சிரிப்பு இல்லை, பெண்கள் இல்லை. கட்டடங்களும் சதுக்கமும் பச்சை மாமிசத்துக்குள். கேலி செய்ய எதுவும் மிச்சமில்லாத இடத்துக்கு அவர் வந்து சேர்ந்துவிட்டதாகத் தோன்றியது. கசாப்புக் கடையில் நின்றவர்களுக்கு அந்த அறையின் வாடை எப்படியிருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை.

வெளிநாட்டுப் பத்திரிகை ஒன்றில் அவரைப் பற்றிய கட்டுரை வந்த கையோடு, ஜூன் 1ஆம் தேதி போலீஸ் கூட்டிக்கொண்டு போனது. சொன்ன காரணம் விசா. சுமார் இரண்டு வாரம் காவலில் வைத்து ஆஸ்திரேலியாவுக்கு விமானம் ஏற்றினார்கள்.

நண்பரே, வீரனை மதிக்கிறேன் என்கிறீர்கள். நானும் மதிக்கிறேன். காவல் கோபுரத்தில் நின்றவனின் ஒட்டிய கன்னத்தை அழித்துவிட்டுச் சதை வைத்து வரைந்தார்களே, அவர்களிடம் போய்க் கேளுங்கள் மரியாதையைப் பற்றி. அதன்பிறகு அந்த ரோஸ் முகங்களில் ஒன்றைத் திரையில் பெரிதாக்கி, வாயைக் கையால் மறைத்துக்கொண்டு, கண்களை மட்டும் பாருங்கள். நான் நேற்று ராத்திரி அப்படித்தான் பார்த்தேன். கண்கள் சிரிக்கவில்லை.