கரப்பானுக்கு வைட்டமின் டி பாக்கெட்டா?

"குழந்தைக்குக் கரப்பான் (எக்ஸிமா என்னும் அரிப்புத் தோல் நோய்) வருவதே வைட்டமின் டி குறைவால்தான், களிம்பை நிறுத்திவிட்டு வாரம் ஒரு 60,000 யூனிட் பாக்கெட் கொடுங்கள், வெயிலில் உட்கார வையுங்கள்" என்று வேலூர் பக்கம் வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி சுற்றுகிறது. தவறு.

ஒரு துளி உண்மை உண்டு, மறுக்கவில்லை: 2014-இல் வெளியான மங்கோலியா ஆய்வில், குளிர்காலத்தில் கரப்பான் கூடும் பிள்ளைகளுக்குத் தினம் 1,000 யூனிட் ஒரு மாதம் கொடுத்தபோது ஓரளவு தணிந்தது. அது மங்கோலியக் குளிர். நம்ம ஊர் கத்திரி வெயிலில் உட்கார வைத்தால் முழங்கை மடிப்பில் வியர்வை தேங்கி அரிப்புதான் கூடும்.

கைக்குழந்தைக்குத் தினசரி அளவே 400 யூனிட்தான், கணக்குப் போட்டால் ஒரு பாக்கெட் 150 நாள் அளவு, அதை மருத்துவர் சொல்லாமல் வாராவாரம் ஊற்றினால் ரத்தத்தில் கால்சியம் ஏறி வாந்தி, மலச்சிக்கல், சிறுநீரகப் பாதிப்பு வரை போகும். பரிசோதனையில் குறைவு தெரிந்தால் மருத்துவர் கொடுப்பார், அது வேறு.

கரப்பானில் தோல் ஈரத்தைப் பிடித்து வைக்காது. அதனால் குளிப்பாட்டி, துண்டால் தேய்க்காமல் ஒற்றியெடுத்து, ஈரம் காயுமுன் மாய்ஸ்சரைசரைத் தாராளமாகப் பூசுங்கள். மருத்துவர் தந்த ஸ்டீராய்டு களிம்பையும் சொன்ன அளவில், சொன்ன நாள்வரை போடுங்கள். அப்புறம் அந்தப் பாக்கெட்டைக் கடையில் நீங்களாகக் கேட்டு வாங்காதீர்கள்.