இனிட்டேப்ங்கற பழைய ஃபைல் பேர சொல்லலையாம், அதான் ரிஜெக்டாம்

சனிக்கிழமை லீவக் கெடுத்துக்கிட்டு சோழிங்கநல்லூர் வரைக்கும் போயி ஒரு வாக்-இன் இன்டர்வியூல உக்காந்துட்டு வந்தேன், வயிறு எரியுது, இங்க கொட்டிடறேன். காலைல 9 மணிக்கு வரச் சொன்னாங்க, உள்ள கூப்பிட்டப்ப மணி 2. நடுவுல ஒரு டீ கூட கிடையாது.

ஏழு வருஷமா லினக்ஸ் அட்மின் நான், கம்பெனி சர்வருங்கள பாத்துக்கற வேலை. ஜேடில, அதான் வேலை விவரத்துல, ரெட்ஹேட் லினக்ஸ் 8, 9, அன்சிபிள், கூபர்நெட்டிஸ், ஏடபிள்யூஎஸ், ஆரக்கிள் டிபிஏ வேலையும் தெரிஞ்சா நல்லதுன்னு கல்யாண பந்தி மாதிரி அடுக்கி வச்சிருந்தாங்க. உள்ள போனா பேனல்ல இருந்தவரு லேப்டாப்ப பாத்து கேள்விய வாசிக்கிறாரு, நிமிந்து மூஞ்சியக்கூட பாக்கல. மொத கேள்வி, டிஃபால்ட் ரன்லெவல, அதாவது மெஷின் ஆன் ஆனா எந்த மோடுல நிக்கணுங்கறத, எங்க மாத்துவீங்க? சிஸ்டம்சிடிஎல் செட்-டிஃபால்ட்ங்கற கமாண்டச் சொன்னேன். "இல்லங்க, ஃபைல் பேரு சொல்லுங்க, ஈடிசி இனிட்டேப்"ங்கறாரு. சார், அது ரெட்ஹேட் 6 வரைக்கும்தான், 2014ல 7 வந்தப்பவே மெஷின கெளப்பற வேலைக்கு சிஸ்டம்டி வந்துருச்சு, இப்ப அந்த ஃபைல தொறந்தாலே 'இத யாரும் படிக்கிறதில்ல, இங்க எழுதுனா ஒண்ணும் நடக்காது'ன்னுதான் கமென்ட் இருக்கும்னேன். "ஓகே ஓகே, நெக்ஸ்ட்"னு ஏதோ டைப் பண்ணிக்கிட்டாரு. என்ன டைப் பண்ணாருன்னு இப்பதான தெரியுது.

அடுத்தது நல்ல கேள்வி, அதான் இன்னும் கடுப்பு. டிஸ்க் ஃபுல், 30 ஜிபி லாக் ஃபைல ஆர்எம் அடிச்சு அழிச்சாச்சு, டிஸ்க்ல இடம் எவ்ளோன்னு காட்டற டிஎஃப்ல இன்னும் 100 சதவீதமே காட்டுது, என்ன பண்ணுவீங்க? இதுல நான் எத்தன ராத்திரி முழிச்சிருக்கேன்! டெலீட் ஆன ஃபைல ஓடிக்கிட்டிருக்கற ஏதோ ஒரு ப்ராசஸ் இன்னும் தொறந்து வச்சிருக்கு சார், பேருதான் போச்சு, டிஸ்க்ல அது புடிச்ச இனோடும் பிளாக்கும் அப்படியே இருக்கு, யாரு எந்த ஃபைல தொறந்திருக்காங்கன்னு காட்டற எல்எஸ்ஓஎஃப் போட்டு அது எதுன்னு புடிச்சு அந்த சர்வீஸ மட்டும் ரீஸ்டார்ட் பண்ணலாம், அதுக்கும் வழியில்லன்னா ப்ராக் டைரக்டரில அந்த ப்ராசஸ் தொறந்து வச்சிருக்கற எஃப்டி வழியா ஃபைல ட்ரங்கேட் பண்ணி காலி பண்ணலாம்னு மூச்சு விடாம சொல்றேன், அவரு ஷீட்ல உள்ள ஆன்சர் என்ன தெரியுமா? "சர்வர ரீபூட் பண்ணணும்."

யோவ். ரீபூட் பண்ணா இடம் வரும்தான். மூட்டப்பூச்சிக்கு பயந்து வீட்டக் கொளுத்துனா மூட்டப்பூச்சியும்தான் போகும். ப்ரொடக்‌ஷன் டேட்டாபேஸ் ஓடுற மெஷின நட்டப்பகல்ல ரீபூட் பண்ண சேஞ்ச் அப்ரூவல் யாரு குடுப்பா, உங்க தாத்தாவா?

லோடு ஆவரேஜ் (ஓடுற, காத்துக்கிட்டிருக்கற ப்ராசஸ் கணக்கு) 60, சிபியு சும்மா கெடக்குன்னு நானே ஒரு கேஸ் சொல்லி, நெட்வொர்க் வழியா வர்ற என்எஃப்எஸ் டிஸ்க் தொங்குனா, அதுக்காகக் காத்து டி ஸ்டேட்ல நிக்கற ப்ராசஸ் எல்லாம் லோடுல சேரும்னு ஆரம்பிச்சேன், அதுக்குள்ள லாகின் விவரம் வைக்கற எல்டாப்புக்குத் தாவி "போர்ட் நம்பர்?"னாரு. 389. என்எஃப்எஸ்? 2049. ஒரு மார்க் கேள்வி மாதிரி டப்பு டப்புன்னு. இதெல்லாம் ஈடிசி சர்வீசஸ் ஃபைல்ல கிரெப் அடிச்சுத் தேடுனா ரெண்டு செகண்டுல வந்துரும், இதுக்கா ஏழு வருஷம்?

ஒருதடவ பேட்சிங், அதான் அப்டேட், முடிச்சு ராத்திரி ரீபூட் அடிச்சேன், எந்த டிஸ்க்க எங்க மாட்டணும்னு சொல்ற எஃப்எஸ்டேப் ஃபைல்ல எவனோ கழட்டிட்டுப் போன டிஸ்க்கோட என்ட்ரி இருந்துருக்கு, மெஷின் எமர்ஜென்சி மோடுல போயி நின்னுருச்சு, கன்சோல் பாஸ்வேர்டு தெரிஞ்சவரு போன எடுக்கல. அன்னைக்கு பட்ட பாட்டுல கத்துக்கிட்டதுதான் டிஸ்க் இல்லன்னாலும் பூட் ஆக வைக்கற நோஃபெயில் ஆப்ஷனும், ரீபூட்டுக்கு முன்னாடி ஒரு தடவ மவுண்ட் ஏ அடிச்சு எஃப்எஸ்டேப் சரியான்னு பாக்கறதும். "நீங்க எதையாவது ஒடச்சிருக்கீங்களா, எப்படி சரி பண்ணீங்க"ன்னு ஒரே ஒரு வார்த்த கேட்டிருந்தா இதெல்லாம் சொல்லிருப்பேன். கேக்கல.

பாவம், அவரையும் லீவு நாள்ல புடிச்சு உக்கார வச்சு, யாரோ எந்தக் காலத்துலயோ தயாரிச்ச ஷீட்ட கையில திணிச்சிருப்பாங்க. ஹெச்ஆர் அதுக்கு மேல, இமீடியட் ஜாய்னர்தான் வேணுமாம். உங்க கம்பெனில நோட்டீஸ் பீரியட் எவ்ளோங்கன்னேன், 90 நாளாம்!

இன்னைக்கு மெயில் வந்துருச்சு, டெக்னிகல் பேசிக்ஸ் வீக்காம். ரெட்ஹேட் 7ஓட இலவச வடிவமான சென்ட்ஓஎஸ் 7 போட்ட பழைய வீஎம் ஒண்ணு சும்மா கெடந்துச்சு, ஆன் பண்ணி இனிட்டேப்ப கேட் அடிச்சு உள்ள பாத்தேன். நான் சொன்ன கமென்ட் அப்படியே இருக்கு, அதுவும் கேப்பிடல் லெட்டர்ல. ஸ்க்ரீன்ஷாட் எடுத்து வச்சிருக்கேன், யாருக்கு அனுப்பறது? அந்த மெயிலே நோ-ரிப்ளை ஐடில இருந்துதான் வந்திருக்கு.